கீழ் வலது மூலை

யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார் கோம்போசுரேன்.
திரை தன்னைத்தானே தொட்டுக்கொள்கிறது.
வானொலி தாவுகிறது, தாவுகிறது,
ஒரு செய்தியையும் முடிக்க விடாமல்.
வரைபடம் விலகி விலகிக்
கடைசியில் கடல் மட்டும் மிஞ்சுகிறது.
டார்கானுக்குக் கடல் கிடையாது என்று
இந்த ப்ரியஸுக்கு யாரும் சொல்லவில்லை.
நிகாட்டாவுக்கு அப்பால்
அலைமேல் தனியாக நிற்கும் அந்தச் சின்ன அம்பு
நாங்கள்தான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என் கன்டெய்னருக்குள், அடுப்பில் நிலக்கரி எரிந்தும், மைனஸ் நாலு.
குளிரில் திரைகள் மந்தமாகும்,
எழுத்துகள் தூக்கத்தில் நடப்பதுபோல் வரும்.
அது வேறு நோய்.
தெரிந்தும் என் தலைமுடி உலர்த்தியை எடுத்து வந்து
இருபது நிமிடம் காட்டினேன்.
சூடு ஏறியதும் இன்னும் உற்சாகமாகத் தாவியது.

ஃப்யூஸ் பெட்டி. பதினைந்து ஆம்பியர், நீலம்.
பிடுங்கினேன், ஊதினேன், செருகினேன்.
மெக்கானிக்குகள் எல்லோரும் ஊதுவோம்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

பிறகு பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டு
பத்து நிமிடம் தேநீர் குடித்தோம்,
வண்டிக்கு மறதி வரட்டும் என்று.
வந்தது.
அங்கேதான் தப்பு செய்தேன்.

மாட்டியதும் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து.
கோம்போசுரேன் போனை உயர்த்திப் பிடித்து மொழிபெயர்க்கிறார்:
"உரிமையாளர் அவர்களே, தங்கள் ரகசிய எண்ணை
அருள்கூர்ந்து இடவும்."
"நான்தான் உரிமையாளர்" என்கிறார், திரையைப் பார்த்து.
தவணை பதினெட்டு மாதம் பாக்கி இருப்பதையும் சொல்கிறார்.
திரை காத்திருக்கவில்லை. தானே அழுத்துகிறது,
ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
தவறான எண். இன்னும் நான்கு வாய்ப்பு.

பேய் என்றால் ஊர் சுற்றும்.
இது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.
வரைபடத்தை விலக்கும் பொத்தான் அந்த மூலையில்,
அடுத்த வானொலி அந்த மூலையில்,
ஒன்பதும் அங்கேதான்.
வந்தவுடன் கண்டிருக்க வேண்டும்.
நானோ திரைக்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பினேன்.
ஒரு கொக்கி முறிந்தது.
இருவரும் காதில் விழாததுபோல் இருந்தோம்.
நான்கு திருகு; ஒன்று உருண்டு சீட்டுக்கடியில் போனது.
சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில்
மிளகில் பாதி அளவு, வெளிர் மஞ்சளாய், ஏதோ.
நகத்தால் தோண்டினேன். முகர்ந்தேன்.
புளிப்பு.

ஆரூல்.
காய்ந்த தயிர்க்கட்டி, பல்லுக்கே மசியாதது.
வாரக்கணக்கில் அந்த மூலையை
விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கோம்போசுரேன் மெதுவாகப் பின்னால் திரும்புகிறார்.
ஏனெரெல், ஆறு வயது, ஒரு கன்னம் உப்பி,
கண்ணாடியில் உறைந்த ஆவியைச் சுரண்டிக்
குதிரையோ நாயோ வரைந்துகொண்டிருக்கிறாள்.
"முன் சீட்டில் உட்கார்ந்து தின்றாயா?"
வாய் நிறைந்திருப்பதால் பதில் இல்லை.

இப்போது திரை சாந்தமாகிவிட்டது.
தொட்டால்தான் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது.
எங்கோ ஒரு ஜப்பானியர், வாங்கிய அன்று வைத்து,
விற்பதற்கு முன்பே மறந்துபோன எண்ணை
அலுக்காமல் கேட்கிறது.
கோம்போசுரேன் மகளின் பிறந்தநாளைப் போடுகிறார்.
இன்னும் மூன்று.
வண்டி வாங்கிய தேதியை.
இன்னும் இரண்டு.

"விடுங்கள்" என்கிறேன். "உலான்பாத்தருக்கு ஒரே சாலை.
அதற்கு வரைபடம் எதற்கு?"
கூலி இருபத்தைந்தாயிரம் துக்ரிக்.
கொக்கிக்காக ஐந்தாயிரத்தை நானே கழித்துக்கொண்டேன்,
காரணம் சொல்லாமல்.

ரிவர்ஸ் கியர் விழுந்ததும் திரை கேள்வியை மறந்து
பின்னால் இருப்பதைக் காட்டுகிறது:
பனி, பனியில் ஒரு டயர், டயர்மேல் என் நாய்.
முதல்முறையாக இந்த ஊரைப் பார்க்கிறது.
வண்டி திரும்பி, கியர் மாறியதும்
மறுபடி அதே மரியாதை, உரிமையாளர் அவர்களே.

ஏனெரெல் பின்னாலிருந்து எக்கி,
ஈரமான விரலைக்
கீழ் வலது மூலையில் வைக்கிறாள்.

ஒன்பது.